அரைக்கம்பத்தில் முள்ளெலி

"இழுய்யா! காலையில சாப்பிட்டியா இல்லையா?" என்று கத்தினார் ஊர்த்தலைவர் ஹார்ட்முட் க்னோல்.

"சாப்பிட்டதெல்லாம் இதுலயே கரைஞ்சு போச்சு தலைவரே," என்றான் ஊராட்சி ஊழியன் ஊவே. கயிற்றைப் பிடித்தபடி மல்லாந்து பார்த்தான். "மேலயும் போக மாட்டேங்குது, கீழயும் வர மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

ஈகல்ஸ்ரோட என்ற அந்தச் சின்ன ஊரின் ஊராட்சி அலுவலகக் கொடி, கம்பத்தின் பாதியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட துணி. நடுவிலே கேடயம். கேடயத்துக்குள் ஊரின் சின்னம், முதுகில் ஆப்பிளைச் சுமந்துகொண்டு நிற்கும் முள்ளெலி. பழைய கொடியில் அந்த முள்ளெலி உள்ளங்கை அளவுதான் இருக்கும். இது புதுசு. பக்கத்து ஊர் ரோட்டன்ஹாகனிலிருந்து பார்த்தாலும் முள்ளு முள்ளாகத் தெரிய வேண்டும் என்று ஹார்ட்முட் அடம்பிடித்து, இருப்பதிலேயே பெரிய அளவில் செய்யச் சொன்னது. பெரிய கொடிக்குப் பெரிய கொக்கி. அந்தக் கொக்கிதான் கம்பத்தின் நடுமூட்டில் போய் மாட்டிக்கொண்டிருந்தது.

"தள்ளு அந்தாண்ட," என்று ஹார்ட்முட் கயிற்றைப் பிடுங்கினார். காலைக் கம்பத்தில் முட்டுக் கொடுத்து, பல்லைக் கடித்து, ஒரே இழுப்பு.

கயிறு அறுந்து அவர் மடியில் விழுந்தது. அவர் செவ்வந்திப் பாத்தியில் விழுந்தார். கொடி இருந்த இடத்திலேயே இருந்தது.

"இப்ப சரியாப் போச்சு," என்றான் ஊவே.

ஹார்ட்முட்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வேறு எந்த நாளாக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார். இன்றைக்கா? மத்தியானம் மாவட்டத் தலைவர் நேரில் வருகிறார். சும்மா வரவில்லை. ஐந்நூறு பேருக்குக் குறைவான ஊர்களையெல்லாம் பக்கத்து ஊரோடு இணைத்துவிடலாம் என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. ஈகல்ஸ்ரோடயில் தலையை எண்ணினால் நானூற்றுச் சொச்சம். இணைத்துவிட்டால் ஊர்ப் பெயர் போச்சு, ஊராட்சி போச்சு, முள்ளெலியும் போச்சு. அப்புறம் கம்பத்தில் பறக்கப் போவது ரோட்டன்ஹாகனின் வாய் பிளந்த மீன். அந்த ஊர் தீயணைப்புத் தலைவன் டெட்லெஃப், போன வருஷத் திருவிழாவில் பீர் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்க முள்ளெலிய எங்க மீனுக்குத் தீனியாப் போட்டுடலாம்" என்று சொன்னதை ஹார்ட்முட் இன்னும் மறக்கவில்லை. செத்தாலும் மறக்க மாட்டார்.

முந்தாநாள் மாவட்ட சபை கதவைச் சாத்திக்கொண்டு முடிவெடுத்தது. என்ன முடிவு என்று ஒரு பயல் மூச்சு விடவில்லை. நேற்றுப் போன் மட்டும் வந்தது. தலைவர் நேரில் வந்து பேசுவார்.

"நேர்ல வர்றார்னா நல்ல சேதிதான்," என்று ஹார்ட்முட் மனைவி ரோஸ்விதாவிடம் அடித்துச் சொல்லியிருந்தார். "முப்பது வருஷம் தபால்காரனா இருந்தவன் சொல்றேன். கெட்ட சேதி எல்லாம் தபால்லதான் வரும். எவனும் நேர்ல கொண்டு வர மாட்டான்."

"எதுக்கும் ரொம்பக் குதிக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, அவள் காலையிலேயே தங்கச்சி வீட்டுக்கு வண்டி ஏறிவிட்டாள்.

"ஏணிய எடுடா," என்றார் ஹார்ட்முட், மண்ணைத் தட்டிக்கொண்டு.

ஊவே ஏணியைக் கொண்டு வந்தான். சாத்தினான். ஏறவில்லை. ஏணியின் காலில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னடா?"

"ஏணியப் பரிசோதிச்சு ஒட்டின ஸ்டிக்கரோட கெடு போன மாசமே முடிஞ்சு போச்சு தலைவரே. நான் ஏற மாட்டேன்."

"போன மாசம் இந்த ஏணியில ஏறித்தானே கூரையில மழைத்தண்ணித் தகரம் மாட்டின?"

"அப்ப ஸ்டிக்கர் செல்லும்."

"ஏணி அதே ஏணிதானே!"

"ஏணி அதேதான். நான் விழுந்தா இன்சூரன்ஸ் அதே இல்லையே."

அந்த ஸ்டிக்கர் விதியை ஊராட்சியில் கொண்டு வந்தவரே ஹார்ட்முட்தான். தானே ஏறிவிடலாம் என்று பார்த்தால், இரண்டாவது படியிலேயே அவருக்குத் தலை சுற்றும்.

"தீயணைப்பு ஏணி வண்டியக் கூப்பிட்டா ரெண்டே நிமிஷ வேலை," என்றான் ஊவே.

"அது எந்த ஊர்ல நிக்குது?"

அது ரோட்டன்ஹாகனில் நின்றது.

"இன்னிக்கு, இணைப்பு வேணாம்னு சொல்ற அன்னிக்கு, நம்ம கொடிய ஏத்த அவங்கிட்டப் போய் நிக்கணுமா? நல்லா இருக்குய்யா உன் யோசனை! 'சொந்தக் கொடியக்கூட ஏத்தத் துப்பில்லாத ஊரு'ன்னு டெட்லெஃப் பயல் ஜில்லா முழுக்க டமாரம் அடிக்க மாட்டான்?"

அப்போதுதான் ரொட்டிக்கடை ஆன்கே சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கினாள். கொடியைப் பார்த்தாள். நெஞ்சில் கை வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யாருங்க?" என்றாள்.

"என்ன யாரு?"

"கொடிய அரைக்கம்பத்துல விட்டிருக்கீங்களே."

"விடலை, மாட்டிக்கிச்சு. யாரும் சாகல."

ஆன்கே மெதுவாகத் தலையை ஆட்டினாள். நம்பிய ஆட்டல் இல்லை அது. ஈகல்ஸ்ரோடயில் யாரோ எவரோ செத்ததற்கெல்லாம் கொடியை இறக்க மாட்டார்கள். ஊரின் கௌரவக் குடிமகன் செத்தால்தான் இறக்குவார்கள். ஊருக்கு இருக்கிற ஒரே கௌரவக் குடிமகன் ட்ராவ்காட் பென்னவிட்ஸ். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. மாட்டு டாக்டராக இருந்தவர். அந்த முள்ளெலியை வரைந்து கொடுத்தவரே அவர்தான்.

"பாவம் டாக்டர் ஐயா," என்றாள் ஆன்கே. "நேத்துக்கூட ரெண்டு பன்னு வாங்கிட்டுப் போனாரு. மத்தியானத்துக்குள்ள சாவுக் கேக் போட்டுடறேன். நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க."

"ஏம்மா, ஒருத்தரும் சாகலைங்கறேன்!"

அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள். ஆன்கேக்கு ஒரு சேதி தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. ஹார்ட்முட் அலுவலகத்துக்குள் ஓடினார்.

"ஊவே! ஒரு அறிவிப்பு அடி. பெரிய எழுத்துல. 'ஊரில் யாரும் இறக்கவில்லை. வதந்திகளை நம்ப வேண்டாம். ஊர்த்தலைவர்.' அடிச்சு உடனே பலகையில ஒட்டு."

ஊவே அடித்தான், ஒட்டினான். கொஞ்ச நேரத்தில் பலகைக்கு முன்னால் நாலைந்து பேர் கூடி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஹார்ட்முட் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சந்தேகம் தட்டி வெளியே போய்ப் பார்த்தார். அறிவிப்பைச் சுற்றிலும் கட்டை விரல் அகலத்துக்குக் கறுப்புக் கட்டம்.

"எதுக்குடா இந்தக் கறுப்புக் கட்டம்?"

"கடைசியா அடிச்சது சர்ச் பாஸ்டர் அம்மா கொடுத்த சாவு அறிவிப்பு. அதுக்கு மேலயே அடிச்சுட்டேன். எழுத்தத்தானே மாத்தச் சொன்னீங்க?"

கூட்டத்தில் ஒரு பெண், "யாரும் இறக்கவில்லையாம்," என்று பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள். "அப்படின்னா மேலிடத்துல ஏதோ மறைக்கிறாங்க."

ஹார்ட்முட் அறிவிப்பைக் கிழித்தார். கிழித்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

இந்த நேரத்தில், கறுப்பு சூட், கறுப்பு டை, பளபளவென்று துடைத்த ஷூ, கையில் தடியோடு பென்னவிட்ஸே வந்து சேர்ந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. ஒருத்தர் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"வாங்க ஐயா! வாங்க!" ஹார்ட்முட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாருங்கய்யா எல்லாரும்! டாக்டர் ஐயா குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாரு. போதுமா?"

பென்னவிட்ஸ் தடியைத் தரையில் தட்டினார். "நான் நிக்கிறது இருக்கட்டும். செத்தது யாரு?"

"யாருமில்லைங்க ஐயா."

"ஏய், என்கிட்டயேவா? இந்தக் கொடி இறங்கினா அது எனக்காகத்தான் இறங்கணும். ஊர் சபை தீர்மானம் போட்டுக் கொடுத்த மரியாதை அது. நான் உசிரோட இருக்கறப்ப, என்னைக் கேக்காம, எவனுக்காகய்யா என் முள்ளெலிய இறக்கின?"

"ஐயா, கொக்கி மாட்டிக்கிச்சுங்க!"

"கொக்கியாம், கொக்கி! முள்ளெலிக்கு மூக்கு வேணும்னு நான் அந்தக் காலத்துல ஜில்லா ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டேன். 'மூக்கு இல்லாமலே இருக்கட்டும், அச்சடிக்கச் செலவு கம்மி'ன்னான் ஒருத்தன். அவன் மூக்க நான் ஒடைக்காதது ஒண்ணுதான் பாக்கி. அந்த முள்ளெலி இன்னிக்குப் பாதியில தொங்குது. உனக்கு வெக்கமா இல்ல?"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் திட்டு வாங்குவதற்கு ஒரு ஞாயம் வேண்டாமா? காலையிலிருந்து இந்த ஊருக்காக ஓடியாடிக்கொண்டிருக்கிறவர் இவர் ஒருத்தர். திட்டுவதற்கு மட்டும் எங்கிருந்துதான் வருகிறார்களோ.

பென்னவிட்ஸ் உயிரோடு இருப்பது ஊர்ஜிதமானதும் ஊர் வேறு கணக்குப் போட்டது. டாக்டர் இல்லை. டாக்டரே கறுப்பு சூட் போட்டிருக்கிறார். தலைவர் கண் சிவந்து, சட்டையெல்லாம் மண்ணாகி நிற்கிறார். ரோஸ்விதாவைக் காலையிலிருந்து யாரும் பார்க்கவில்லை.

ஒருத்தர் வந்து ஹார்ட்முட்டின் கையைப் பிடித்து இரண்டு கையாலும் அழுத்தினார். "தைரியமா இருங்க," என்றார். அடுத்தவர் தோளைத் தட்டினார். மூன்றாவது ஆள் கட்டியே பிடித்துக்கொண்டார்.

"விடுய்யா! எதுக்குய்யா கட்டிப் பிடிக்கிற?"

ஹார்ட்முட்டின் சட்டைப் பையில் போன் அலறியது. ரோஸ்விதாதான்.

"நான் செத்துட்டேனாமே!" என்று அவள் கத்திய கத்து வாசற்படி வரைக்கும் கேட்டது. "என் போனுக்கே கூப்பிட்டு உங்களுக்கு அனுதாபம் சொல்லச் சொல்றாங்க! ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் வெளியூர் போகக்கூடாதா? அதுக்குள்ள ஊரைக் கூட்டி எனக்குக் கருமாதி பண்ணிட்டீங்களா?"

"நானா பண்ணேன்? கொடி மாட்டிக்கிச்சும்மா!"

"கொடி, கொடி, கொடி! என்னைவிட அந்த முள்ளெலிதான் உங்களுக்குப் பெரிசு!"

போனை வைத்துவிட்டாள். ஹார்ட்முட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாவட்டத் தலைவர் வர அதிக நேரம் இல்லை. ஊருக்கெல்லாம் ஒரே தடவையில் உண்மையைச் சொல்லி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பி, சிரித்த முகத்தோடு நாலு பேரை மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு ஊரைக் கூட்ட வேண்டும். அவர் பாஸ்டர் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மா, உடனே மணி அடிங்க. எல்லாரையும் சதுக்கத்துக்கு வரச் சொல்லணும்."

"வார நாள்ல, இந்த நேரத்துலயா? ஒரே மணியத் தனியா அடிக்கட்டுமா, எல்லாத்தையும் சேர்த்தா?"

"எதையாவது அடிங்கம்மா!"

பாஸ்டர் அம்மா ஒரே மணியைத் தனியாக அடித்தார். விட்டு விட்டு, நிதானமாக. அந்த மணியைத்தான் ஊரில் சாவுக்கு அடிப்பார்கள்.

ஊர் வந்தது. வராமல் இருக்குமா? எல்லாரும் உடுத்தி முடித்து ஒழுங்காக வந்தார்கள். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பாவாடை, கறுப்புக் குடை. மாவட்டத் தலைவரை வரவேற்க ஏற்பாடு செய்திருந்த ஊதுகுழல் குழுவும் வந்தது. அவர்களுக்குக் கறுப்புச் சீருடை ஒன்றுதான் உண்டு. ஆன்கே மகனோடு சேர்ந்து மேஜையைப் போட்டுத் தட்டு தட்டாக ஷ்ட்ராய்சல் கேக்கை அடுக்கினாள். சீனி, வெண்ணெய், மாவு உதிர்த்துச் சுட்ட அந்தக் கேக் இல்லாமல் அந்தப் பக்கம் யாரையும் புதைக்க முடியாது.

ஹார்ட்முட் வாசற்படியில் ஏறி நின்றார். "யாரும் சாகலை! கேக்குதா? டாக்டர் இதோ நிக்கிறாரு. என் பொண்டாட்டி இப்பதான் போன்ல என்னைத் திட்டினா. நான் உங்க முன்னாடி நிக்கிறேன். எல்லாரும் தயவு பண்ணி வீட்டுக்குப் போய்த் துணிய மாத்திக்கிட்டு வாங்க!"

"பாவம், ஏத்துக்க முடியல அவரால," என்று பின் வரிசையில் ஒரு குரல்.

"ரோஸ்விதா திட்டினா நான் கேட்டேன்," என்றார் முன் வரிசைக்காரர். "உசிரோடதான் இருக்கா. அந்தச் சத்தம் வேற யாருக்கும் வராது."

கூட்டத்தில் ஒரு ஏமாற்றம் பரவியது. யாரும் நகரவில்லை.

"அதான் யாரும் சாகலைங்கறேனே! ஏன்யா போக மாட்டேங்கறீங்க?"

"நல்ல துணிய எடுத்து மாட்டியாச்சு," என்றாள் ஒருத்தி.

"கேக் வேற சுடச்சுட இருக்கு," என்றாள் ஆன்கே. "சுட்டது சுட்டாச்சு. யாரும் சாகலைன்னா திங்கக்கூடாதா?"

அவர்கள் தின்றார்கள். காபி ஊற்றினார்கள். ஊதுகுழல் குழுவுக்கு இரண்டே பாட்டுத்தான் சுத்தமாக வரும். ஒன்று திருவிழாப் பாட்டு, மற்றது கல்லறைத் தோட்டத்துப் பாட்டு. இத்தனை கறுப்புத் துணிக்கு முன்னால் திருவிழாப் பாட்டை வாசிக்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

ஹார்ட்முட் காதைப் பொத்திக்கொண்டார். உயிரோடு இருக்கிற ஊர் என்று காட்டத்தானே இத்தனை பாடு! பூச்செடி வைத்தார், புதுக்கொடி வாங்கினார், நடைபாதையெல்லாம் கழுவினார். இப்போது மாவட்டத் தலைவர் வந்து பார்த்தால் என்ன நினைப்பார்?

தெருமுனையில் சிவப்பாக ஒன்று திரும்பியது. ரோட்டன்ஹாகன் ஏணி வண்டி. முன்னால் டெட்லெஃப், மடியில் பெரிய மலர் வளையம். ரிப்பனில் வாய் பிளந்த மீன்.

டெட்லெஃப் இறங்கினான். இன்றைக்கு அவன் முகத்தில் நக்கல் இல்லை. அதுதான் ஹார்ட்முட்டுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"கேள்விப்பட்டோம் ஹார்ட்முட். ரொம்ப வருத்தமா இருக்கு. யாருக்குன்னு தெரியல, அதான் பேர் போடாம வாங்கியாந்தோம்."

"எடுத்துட்டுப் போ!"

"இருக்கட்டும்யா. அக்கம்பக்கத்துல ஒருத்தருக்கொருத்தர் இது செய்யாட்டி எப்படி?" அவன் வளையத்தைக் கம்பத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். "இது என்ன, கயிறே இல்ல? கொக்கி மாட்டியிருக்கு. ஏணிய நீட்டட்டுமா? ரெண்டு நிமிஷம். மேல வரைக்கும் ஏத்திடறேன்."

ஊவே ஹார்ட்முட்டைப் பார்த்தான். ஆன்கே பார்த்தாள். பென்னவிட்ஸ்கூடத் தடியைத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஊரே வாயில் கேக்கோடு தலைவர் முகத்தைப் பார்த்தது.

தலையை ஆட்டினால் போதும். முள்ளெலி உச்சிக்குப் போய்விடும்.

"எங்க முள்ளெலி மேல மீன்காரன் கை படக்கூடாது!" என்றார் ஹார்ட்முட்.

"நான் தொட மாட்டேன், கொக்கியத்தான் தொடுவேன்."

"கொக்கியும் எங்க கொக்கிதான்! பாதியில நின்னாலும் அது எங்க கம்பத்துல, எங்க கொக்கியில, எங்க மானத்தோட நிக்குது. நாளைக்கும் நிக்கும். நூறு வருஷத்துக்கும் நிக்கும். வண்டிய எடு!"

"அப்படிச் சொல்லு!" என்று பென்னவிட்ஸ் தடியைத் தூக்கினார். கூட்டம் கை தட்டியது. கை தட்டலுக்கு நடுவே ஊதுகுழல் குழு, எதற்கும் இருக்கட்டும் என்று, கல்லறைத் தோட்டத்துப் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தது.

டெட்லெஃப் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சதுக்கத்தின் அந்தப் பக்கம் ஒரு நீளமான கறுப்புக் கார் வந்து நின்றது.

ஹார்ட்முட் தலையைக் கோதிவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்தார். நல்ல சேதி. நேரில் வருகிற சேதி. இதோ, காரின் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டதும் இந்தக் கறுப்புக் கூட்டமெல்லாம் துள்ளிக் குதிக்கும். குதித்துத்தான் ஆக வேண்டும்.

டிரைவர் முதலில் இறங்கினான். பின்கதவைத் திறக்கக் கைப்பிடியில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். பாதியில் தொங்கும் முள்ளெலியைப் பார்த்தான். கம்பத்தடியில் இருந்த மலர் வளையத்தையும், கறுப்பு உடுத்திக் கேக் தின்கிற ஊரையும் பார்த்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாகக் குனிந்து உள்ளே இருந்தவரிடம் சொன்னான்:

"ஊரை இணைச்சாச்சுங்கறத இவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தீங்களே ஐயா, தேவையே இல்ல, இவங்களே ஊருக்குக் காரியத்தையும் முடிச்சுட்டாங்க!"